கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு: ஒரு மகனின் கேள்விக்குப் பதில்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்; இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கலாம் அல்லவா. மண்டபத்துக்கு அருகில் உங்கள் ஊர். கடந்த கார்த்திகையில் உங்கள் அப்பா நாட்டுப்படகில் இன்னொருவருடன் தொழிலுக்குப் போனார். வாடைக் காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர் மறுநாள் பிளாஸ்டிக் கேனைப் பிடித்து மிதந்தபடி மீட்கப்பட்டார், படகும் கரை சேர்ந்தது, அப்பா மட்டும் கிடைக்கவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்ட நிலையில், வருகிற ஆடி அமாவாசையில் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார் பெரியப்பா. தாலியில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார் அம்மா; அப்பா இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்று குறிகாரர் சொன்னதை நம்பி, வாசல் விளக்கை இரவு முழுவதும் அணைக்காமல் வைத்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை யாரிடமும் பேசுவதில்லை. திருப்பூரில் வேலையில் இருக்கும் நீங்கள், இதில் யார் பக்கம் நிற்பது என்று கேட்கிறீர்கள்.

இந்த மாவட்டத்தில் மனநலப் பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: இப்போதைக்கு யார் பக்கமும் நிற்க வேண்டாம். பெரியப்பாவும் அம்மாவும் ஒரே கேள்விக்கு எதிரெதிரான பதில் சொல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவர்கள் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் கவலை சடங்கையும் குடும்பத்தின் நாளைய நிலையையும் பற்றியது. அம்மாவின் கவலை, தான் கைவிட்டுவிட்டால் அவரைத் தேட உலகத்தில் வேறு ஆள் இல்லாமல் போய்விடுமே என்பது. சட்டம் ஒரு கணக்கில் நடக்கும், சடங்கு இன்னொரு கணக்கில் நடக்கும், மனத்துக்கு நாள்கணக்கே கிடையாது. இந்த மூன்றையும் ஒரே அமாவாசைக்குள் முடிக்கப் பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் இவ்வளவு சண்டை.

இறந்தவரின் உடலைப் பார்த்து, குளிப்பாட்டி, தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோ எரித்தோ திரும்புகிற குடும்பத்துக்கு, எவ்வளவு கொடுமையான துயரமாக இருந்தாலும், நடந்தது இன்னதென்று கண் சாட்சி சொல்லிவிடும். உங்கள் வீட்டுக்கு அந்தச் சாட்சி இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, இத்தகைய இழப்புக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அவர் வலியுறுத்திய கருத்துகளில் நம் கரையோர வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது ஒன்று: குழப்பம் அந்த நிலைமையில் இருக்கிறதே ஒழிய, அதில் சிக்கிய மனிதரிடம் இல்லை. ஆகவே ‘அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று உறவினர்கள் பேசத் தொடங்கியிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். ‘அவர் இல்லை, ஆனால் வந்தாலும் வரலாம்’ என்று ஒரே மூச்சில் நினைப்பது பைத்தியம் ஆகாது. கிடைத்திருக்கும் தகவலுக்கு நேர்மையான பதில் அதுதான்.

இதை நான் முதலில் கற்றுக்கொண்டது என் அப்பத்தாவிடம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில், அங்கே துறைமுகத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா போனார். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலே, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் மறைந்த இரவு அது. தனி ஆள் ஒருவரின் உடலை யார் தேடித் தர முடியும்? அவருடைய தகரப் பெட்டி மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, கொம்பு உடைந்த ஒரு சீப்பு. ஒவ்வொரு தை மாதமும் அப்பத்தா பெட்டியைத் திறந்து, சட்டைகளை உதறி, முற்றத்துக் கொடியில் வெயிலில் போட்டு, மாலையில் மடித்துத் திரும்ப வைப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, “செத்துப் போனவர் சட்டையை எதுக்கு அப்பத்தா காயப்போடுறே?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “செத்துட்டான்னு எனக்குத் தெரியாதாடா? அதுக்காகச் சட்டை பூத்துப்போக விடலாமா?” என்றார். அதே அப்பத்தாதான் ஆண்டுதோறும் சித்தப்பா பெயரில் அமாவாசைக்கு விரதம் இருந்தவர், மற்ற பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர், கடன் அடைத்தவர். பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி அவரை யாராவது வற்புறுத்தியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது இலங்கைச் சிறை என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். வேறு ஊர்களில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் கரையில் சிரிக்க முடியாது. ராமேசுவரத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் போகிறவர்கள் பிடிபட்டு, ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஆகவே அம்மாவின் நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அதே அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது: பிடிபட்டவர்களின் பெயர்ப் பட்டியல் சில நாட்களுக்குள் மீன்வளத் துறைக்கும் மீனவர் சங்கங்களுக்கும் வந்து சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இயங்குகிறது. நீங்களே மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், அப்பாவின் புகைப்படம், வயது, மச்சம், காணாமல் போன தேதி ஆகியவற்றோடு, தூதரகம் வழியாக விசாரிக்கும்படி எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பதில் வந்ததும் அதை அம்மா கையில் கொடுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லி முடித்துவைக்க வேண்டாம். தன் சார்பில் முறையாகத் தேடப்பட்டது என்ற ஒன்று இல்லாமல் எந்தத் தாயும் மனைவியும் அடுத்த அடி வைத்ததை நான் பார்த்ததில்லை. ‘அங்கே அவரைப் பார்த்தேன், வக்கீலுக்குப் பணம் கொடுத்தால் கொண்டுவந்துவிடலாம்’ என்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் மட்டும் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இப்படி நகையை இழந்த குடும்பங்கள் இந்தக் கடற்கரையில் உண்டு.

இதோடு சேர்த்து, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு முதல் தகவல் அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த குடும்பங்கள்தான் பின்னால் அதிகம் அலைகின்றன. பிள்ளைகளில் ஒருவரின் மரபணு மாதிரியைப் பதிவு செய்துகொள்ளும்படியும் கேளுங்கள். கடல் சில நேரம் வெகுதொலைவில், மாவட்டம் தாண்டி ஒதுக்கும். அடையாளம் தெரியாத உடல் எங்காவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஊரில் எல்லோரும் ‘ஏழு வருஷம்’ என்று சொல்வார்கள். அது பாதி சரி. ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு, இருக்கிறார் என்று சொல்பவர் மீது விழும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் 111ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் இது அனுமானத்துக்கான கால அளவு மட்டுமே. மரணத்தை அதற்கு முன்பே சாட்சியங்கள் மூலம் நிரூபிக்க முடிந்தால் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் கூடப் போனவர் உயிரோடு இருக்கிறார். படகு கவிழ்ந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். பேரிடர்களில் அரசே காத்திருப்பைத் தளர்த்தியதும் உண்டு: 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்கு, உடல் கிடைக்காத நிலையிலும், தமிழக அரசு தலா 20 லட்சம் ரூபாய் வழங்கியது. தனிப்பட்ட விபத்தில் அந்த அளவு எளிதாக எதுவும் நடக்காது. ஆகவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு, அழைப்பு எண் 15100. மனுதாரராக அம்மா இருக்கட்டும்.

காத்திருக்கிற காலத்தில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி இருந்தால் தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள். 7 ஆண்டு கழிந்தபின் இறந்துவிட்டார் என்று அனுமானிக்கலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது என்பது உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவுபடுத்திய விஷயம். இடையில் பாலிசி காலாவதியாகிவிட்டால் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும். இரண்டாவது, அவருடைய ஏடிஎம் அட்டையில் பணம் எடுக்காதீர்கள், அவர் கையெழுத்தைப் போட்டுப் படகை விற்கவும் செய்யாதீர்கள். ‘அந்தத் தேதிக்குப் பிறகும் அவர் பணம் எடுத்திருக்கிறாரே’ என்ற கேள்விக்கு நாளை பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

நமக்கு எதிரே, தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், இலங்கையில், இதே துயரம் போரினால் வேறு பரிமாணத்தில் இருக்கிறது. அங்கே மக்கள் ‘காணாமல் போனோர்’ என்று சொல்வதில்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். கடல் கொண்டதற்கும் மனிதர் கொண்டதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 2016இல் அந்நாட்டில் வந்த சட்டத்திருத்தம், இறப்புச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு, அவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை ஏற்படுத்தியது. சொத்து, வங்கி, உதவித்தொகை போன்றவற்றுக்கு அது பயன்படும்; மரணம் என்று எங்கும் எழுதாது. நம் நாட்டில் அப்படி ஒரு காகிதம் இல்லை. இருந்திருந்தால் உங்கள் அம்மாவும் பெரியப்பாவும் இவ்வளவு தூரம் முட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சடங்கைப் பற்றிப் பெரியப்பாவிடம் பேசுவதற்கு உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையாலோ பலாச இலைகளாலோ உருவம் செய்து எரிக்கும் முறை நம் மரபில் உண்டு. ஆனால் போன இடம் தெரியாதவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொன்னதும் அதே மரபுதான். இன்னும் ஒரு படி மேலே போய், காரியம் முடிந்தபிறகு ஆள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பழைய சாத்திரக்காரர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள்: அவரை நெய்யில் குளிப்பாட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல ஜாதகர்மம் முதலாகச் சடங்குகளை மறுபடி செய்து, சொந்த மனைவியையே மீண்டும் மணம் செய்துவைக்க வேண்டுமாம். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். காரியம் செய்தால் அவர் வரும் கதவை நாமே சாத்திவிட்டதாகிவிடும் என்ற அச்சம்தான் அவரைத் தடுக்கிறது என்றால், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவருக்கு உதவக்கூடும்.

இப்போதைக்கு என் யோசனை, ஆடி அமாவாசையன்று முழுக் காரியமும் வேண்டாம் என்பதே. அக்னி தீர்த்தத்துக்கோ சேதுக்கரைக்கோ குடும்பமாகப் போய், உங்கள் தாத்தா, பாட்டி ஆகியோருக்கு மட்டும் எள்ளும் நீரும் இறையுங்கள். அப்பா பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அம்மா அந்த நேரத்தில் முடிவு செய்யட்டும். தாலி, பூ, பொட்டு ஆகியவற்றைப் பற்றி வேறு எவருக்கும் கருத்து இருக்க வேண்டிய தேவை இல்லை. இதைப் பெரியப்பாவிடம் மரியாதையாக, ஆனால் ஒரே முறையாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றில், கல்லறை இல்லாதவருக்காக நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கடலோரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, கோயிலில் அவர் பெயருக்குப் பூசை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழக்கரைப் பக்கம் உள்ள முஸ்லிம் குடும்பங்களில், வெளியூரில் இறந்தவருக்கு உடல் இல்லாமலேயே காயிப் ஜனாஸா தொழுகை உண்டு. கணவர் 4 ஆண்டுகளாக எங்கிருக்கிறார் என்றே தெரியாத பெண் மணவிலக்குக் கோரலாம் என்று முஸ்லிம் பெண்களுக்கான 1939ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும் இடம் தருகிறது. எல்லா மதங்களும் இந்த நிலைமையை முன்பே பார்த்திருக்கின்றன. நம் ஊர்ப் பேச்சுதான் அவசரப்படுகிறது.

அம்மாவின் உடல்நிலையைக் கவனியுங்கள். அப்பாவின் இருமல் சத்தம் கேட்டது, படகு இன்ஜின் சத்தம் கேட்டு எழுந்தேன் என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டாம்; பிரிவில் இருப்பவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பது. வாசல் விளக்கு எரியட்டும், கரண்ட் பில்லை நீங்கள் கட்டுங்கள். ஆனால் நாட்கணக்கில் உண்ணாமல் இருப்பது, வாரக்கணக்கில் உறங்காமல் இருப்பது, ‘நானும் அவர் போன வழியே போய்விடுகிறேன்’ என்ற பேச்சு, தனியாகக் கடற்கரையில் போய் நிற்பது ஆகியவை வேறு; அவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அதை அம்மாவைவிட உங்கள் தங்கை கைப்பேசியில் முதலில் பதிந்து கொடுங்கள். உறவினர்கள் ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் மறுக்க வேண்டாம். தர்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவதால் பலருக்கு மனம் லேசாகிறது என்பது உண்மை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததையும் நாம் மறக்க முடியாது. பிரார்த்தனைக்குப் போகலாம், மருந்தை விட்டுவிட்டு அங்கே தங்கவைக்கக் கூடாது.

தங்கையிடம் யார் பேசுகிறார்கள்? வீட்டில் பெரியவர்கள் இரண்டு கட்சியாக இருக்கும்போது பிள்ளைகள் எந்தக் கட்சியிலும் சேராமல் வாயை மூடிக்கொள்வார்கள். அவளிடம் ‘அப்பா இறந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு, ஆனால் நமக்கு நிச்சயமாகத் தெரியாது, அம்மா நம்புவது அம்மாவின் உரிமை, நீ என்ன நினைத்தாலும் அது துரோகம் இல்லை’ என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் ஒரே ஒரு வரியில் கடந்துபோன ஒருவரைப் பற்றி. கூடப் போய் உயிர் தப்பியவர் உங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் குற்ற உணர்வில் ஒதுங்குகிறார்; உங்கள் வீடோ அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கிறது. இதைப் போன்ற ஒரு குடும்பத்தில், பத்து மாதம் கழித்து அப்படி ஒருவரை அழைத்துவந்து உட்கார வைத்தோம். அந்த அம்மா கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்தான்: கடைசியாக என்ன சாப்பிட்டார், குளிர்ந்ததா, யாரைப் பற்றிப் பேசினார். உயிர் தப்பியவர் தலையைக் குனிந்தபடி, கொண்டுபோன பழைய சோற்றை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டதையும், இருட்டியபிறகு மிதக்கப் பிடித்திருந்த கேனை முதலில் தன் பக்கம் தள்ளிவிட்டது காணாமல் போனவர்தான் என்பதையும் சொன்னார். அதன்பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. அன்று இரவு அந்த அம்மா பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாக அவருடைய மகள் பின்னால் சொன்னாள். அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்கு வாருங்கள். பெரியப்பாவைப் பார்ப்பதற்கு முன் அந்த மனிதர் வீட்டுக்குப் போங்கள், கணக்குக் கேட்க வந்திருப்பதாக அவர் நினைக்காதபடி உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு. அவர் கதவைத் திறக்கவில்லை என்றால் மறுநாளும் போங்கள்.